ரேடியோ சொல்லாத செய்தி

அவளுக்கு ரேடியோ என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. வைத்தவர் கெட்டிக்காரர். காலையில் காப்பகத்தின் கதவைத் திறக்கும்போதே அவள் வாயும் திறந்துவிடும். சாயங்காலம் கடைசிப் பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்துக் கதவைப் பூட்டினாலும் வாய் மூடாது. வீட்டுக்குப் போகிற வழியில் எதிரே வருகிறவர்களிடம் மிச்சம் மீதியைச் சொல்லித் தீர்க்க வேண்டும் அல்லவா? அவள் புருஷன் ரொட்டி ஆலையில் அடுப்புப் பார்க்கிறவன். ராத்திரி வேலை, பகலில் தூக்கம். "இவளைக் கட்டிக்கிட்டதுல ஒரு லாபம், தூங்கிக்கிட்டே ஊர்ச் சேதி எல்லாம் தெரிஞ்சுக்கலாம்" என்பான்.

காப்பகம் அரசாங்கத்துடையது. தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும் என்று சட்டம் போட்டு, பேட்டைக்கு ஒன்றாகத் திறந்துவிட்டார்கள். நல்ல சட்டம். அதைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். மேட்டுத் தெருக் காப்பகத்தில் தவழும் பிள்ளைகளின் அறை ரேடியோவுடையது. தரை முழுக்க ரப்பர் விரிப்பு; சுவரோரமாகப் பிள்ளைகள் பிடித்து நிற்க ஒரு மரக்கம்பி; மூலையில் பால் புட்டிகள் கொதிக்கிற பாத்திரம்; அந்த அறைக்கென்றே இருக்கிற பவுடரும் புளித்த பாலும் கலந்த வாசனை. அதற்குள் வந்தால் வெளியாளுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும். அவளுக்கு அதுதான் சுவாசம்.

சாயங்காலம் தாய்மார்கள் வந்ததும் செய்தி அறிக்கை தொடங்கும். பஸ் கண்டக்டர் அம்மாவுக்கு, "உன் மகன் இன்னிக்கு மூணு தடவை போனான், மூணாவது கொஞ்சம் பச்சை, பயப்படாதே, காலையில கீரை குடுத்திருப்பே." தையல் ஆலைக்காரிக்கு, "உன் பொண்ணு பக்கத்துப் பிள்ளை காதைக் கடிச்சுட்டா. ரத்தம் வரல. ஆனா நல்ல பல்லு, சுத்திப் போடு." யார் தும்மினது, யார் தூக்கத்தில் சிரித்தது, யார் யாருடைய பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றது என்று ஒன்று விடமாட்டாள்.

ஆனால் ஒரே ஒரு செய்தி மட்டும் அந்த ரேடியோவில் வராது. பிள்ளையின் முதல் நடை.

அது காப்பகங்களில் உள்ள வழக்கம். எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, எந்த அதிகாரிக்கும் தெரியாது. அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் எப்போதோ, ஒரு காப்பகத்து அக்கா சந்தோஷம் தாங்காமல், "உங்க பையன் இன்னிக்கு நடந்துட்டான்!" என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டாளாம். லிஃப்ட் ஓட்டுகிற அந்தத் தாய் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, "பத்து மாசம் சுமந்தது நான், பாத்தது நீயா?" என்று கேட்டு அழுதாளாம். அந்தக் கதை காப்பகம் காப்பகமாகப் பரவிவிட்டது. அன்றிலிருந்து ஒரு பிள்ளை முதல் தடவையாக நடந்தால், அக்காமார்கள் கதவைச் சாத்துவார்கள். இருக்கிற பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுக் கை தட்டச் சொல்வார்கள். தட்டத் தெரியாத பொடிசுகளின் கையைப் பிடித்துத் தட்டிவிடுவார்கள். பிறகு கதவைத் திறந்து, ஒன்றுமே நடக்காதது போல இருந்துவிடுவார்கள். இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து, "அக்கா! நேத்து நடந்துட்டா!" என்று தாய் மூச்சிரைக்க ஓடிவருவாள். "அப்படியா!" என்று கண்ணை அகல விரித்தால் வேலை முடிந்தது.

ஓட்டை வாய் ரேடியோவுக்கு இந்த ஒரு ரகசியம் எப்படித் தங்கியது என்று கேட்கிறீர்களா? சும்மா தங்கவில்லை. அந்த மாதிரி நாட்களில் அவளுக்கு வயிறு உப்பிவிடும். வாயைத் திறந்தால் எது முதலில் வெளியே குதிக்குமோ என்ற பயத்தில், அன்றைக்கு எந்தச் செய்தியும் வாசிக்காமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். தாய்மார்கள் ஆலைப் புழுதியோடும் பஸ் வியர்வையோடும் வருகிறவர்கள். அவளுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படி ஊர்ப் பிள்ளைகளை நடக்கவிட்டுக்கொண்டிருந்த ரேடியோவுக்கு, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்ட பிறகு, ஒரு பெண் பிறந்தது. ஆறு மாதம் பிரசவ விடுப்பு முடிந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வாசலிலேயே மேற்பார்வையாளர் அம்மா நிறுத்தினார்.

"குழந்தை எங்கே போகுது?"

"உள்ளதான் மேடம். வேற எங்கே போகும்?"

"விதி ஏழு தெரியாதா உனக்கு? காப்பகத்துல வேலை பாக்கிறவங்க சொந்தப் பிள்ளையை அதே காப்பகத்துல சேக்கக் கூடாது."

"மேடம், காப்பகம் வேலைக்குப் போற அம்மாக்களுக்குத்தானே?"

"ஆமா."

"நான் வேலைக்குப் போறேனா இல்லையா?"

"போறே. ஆனா நீ போற வேலையே காப்பகம்தானே? சொந்தப் பிள்ளை இருந்தா மத்த பிள்ளைங்க மேல கவனம் போயிடும். பாரபட்சம் வந்துடும்."

"என்ன பாரபட்சம்? இருபது பிள்ளைங்க பாலையும் இவ ஒருத்திக்கே ஊத்திடுவேனா? வெடிச்சுடுவா மேடம்!"

மேற்பார்வையாளர் அம்மா கெட்டவர் இல்லை. விதியை அவர் எழுதவும் இல்லை. சமாதானமாகப் பேசினார். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்லுவாங்க இல்லையா?"

"வளரும் மேடம். தானா டவுசர் மாத்திக்குமா?"

அதற்கு விதியில் பதில் இல்லை. ஆலைத் தெருக் காப்பகத்தில் ஓர் இடம் காலி என்று மட்டும் அவர் சொன்னார். அங்கேயும் ஒரு காப்பகத்து அக்காவுக்கு இதே தலைவலி. ஒரு மகன், இவளுடைய பெண்ணைவிட ஒன்றிரண்டு மாதம் மூத்தவன், சேர்க்க இடமில்லாமல் நிற்கிறான். அவன் இங்கே வரலாம், இவள் அங்கே போகலாம். அட, சட்டம் போட்ட மகராசர்களே! இந்தத் தாயின் பிள்ளை அந்தத் தாயிடம், அந்தத் தாயின் பிள்ளை இந்தத் தாயிடம். நடுவில் இரண்டு தெரு.

அந்த இன்னொருத்திக்கு ரேடியோ முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள்: கல்லுளிமங்கி. இரண்டு காப்பகத்துக்கும் நடுவே ஒரு சலவைக் கடை முக்கு. காலையில் இருவரும் அங்கே சந்தித்துப் பிள்ளைகளை மாற்றிக்கொள்வார்கள். சாயங்காலம் அதே இடத்தில் மறுபடியும் மாற்றிக்கொள்வார்கள். முதல் நாள் சாயங்காலம் ரேடியோ கல்லுளிமங்கியின் பையனைப் பற்றி மூச்சு விடாமல் அறிக்கை வாசித்தாள். எத்தனை தடவை குடித்தான், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கினான், எந்தப் பொம்மையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான் என்று எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "என் பொண்ணு எப்படி இருந்தா?" என்றாள்.

"நல்லா."

"நல்லான்னா?"

"நல்லா இருந்தா, அக்கா."

அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா? ரேடியோ கொதித்துப்போனாள். வீட்டுக்கு வந்து, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷனிடம் புலம்பித் தீர்த்தாள். "நான் அவ பிள்ளையோட மூக்குச் சளி நிறம் வரைக்கும் சொல்றேன். அவ ஒரு வார்த்தையை உடைச்சுப் பாதி குடுக்கிறா!"

"பிள்ளை நல்லா இருக்கா இல்ல?"

"இருக்கா."

"அப்ப அவ சொன்னது சரிதானே?" என்று சொல்லிவிட்டு, அடி விழுவதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

சரியாகத்தான் இருந்தது. குழந்தை சுத்தமாக, வயிறு நிறைந்து, அழுக்கு முட்டியோடு திரும்பி வந்தது. வாய் சொல்லாததைத் துணி சொல்லும் என்பது ரேடியோவின் தொழில் அறிவு. தவழும் பிள்ளையின் கால்சட்டையில் முதலில் நைவது முட்டி. முட்டி அழுக்காக வந்தால் பிள்ளை சுறுசுறுப்பாகத் தவழ்கிறது என்று அர்த்தம். தினமும் முட்டியைப் பார்த்து அவள் திருப்திப்பட்டுக்கொண்டாள். கல்லுளிமங்கியைப் பற்றி அவளுக்கு ஒரு மரியாதையும் வந்தது. பெண்ணின் நகத்தை வாராவாரம் வெட்டிவிட்டிருப்பாள், சொல்லமாட்டாள். கழுத்து மடிப்பில் வேர்க்குரு வந்தபோது ஏதோ தடவிச் சரியாக்கினாள், அதையும் சொல்லவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில், ரேடியோ பால் புட்டியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கல்லுளிமங்கியின் பையன் மரக்கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். திரும்பினான், கம்பியை விட்டான். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டியது போல, ஒரு அடி, இன்னொரு அடி, மூன்றாவது அடி பாதியிலேயே பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"அடப் படவா!" என்றாள் ரேடியோ. புட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடிக் கதவைச் சாத்தினாள். எல்லாப் பிள்ளைகளையும் சுற்றி உட்காரவைத்துக் கை தட்டச் சொன்னாள். அறையே அதிர்ந்தது. ஒரு குழந்தை பயந்து அழுதது. அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனை பிள்ளைகள் நடந்து பார்த்தாலும் அது வந்துவிடும். துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அன்று சாயங்காலம் சலவைக் கடை முக்கில் ரேடியோ வாயே திறக்கவில்லை. பையனை நீட்டினாள், பெண்ணை வாங்கினாள். கல்லுளிமங்கி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா, அக்கா?"

"ம்."

இரண்டு நாள் கழித்து, காலையில் அதே முக்கில், கல்லுளிமங்கியின் முகம் விளக்கேற்றினது போல இருந்தது. "நேத்து நடந்தான்" என்றாள். யாரும் கேட்காமலே அவள் வாயிலிருந்து வந்த முதல் செய்தி அதுதான்.

"அப்படியா!" என்று ரேடியோ கண்ணை அகல விரித்தாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவள் பாட்டுக்கு மேட்டுத் தெருப் பக்கம் திரும்பி நடந்துவிட்டாள்.

நடக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஐயோ, நாளைக்கு என் பெண்ணும் நடப்பாள். இந்தக் கல்லுளிமங்கி அறையில் நடப்பாள். அவள் கதவைச் சாத்துவாள், கை தட்டுவாள், கதவைத் திறப்பாள். சாயங்காலம் "நல்லா" என்பாள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் முதல் நடையையும் பார்த்தவள், தன் ஒரே பிள்ளையின் நடையை இரண்டாம் கையாக வாங்க வேண்டியதா?

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் காப்பக விதிகளைத் திருத்தப்போவதாகவும், வேலைக்குப் போகிற பெற்றோர்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் நகர மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டது. ரேடியோ முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். கல்லுளிமங்கியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய அதிகாரி. ரேடியோவின் முறை வந்தபோது எழுந்து நின்றாள், தொண்டையைச் செருமினாள், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

மண்டபம் முழுக்கத் தாய்மார்கள். கண்டக்டர் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், தையல் ஆலைக்காரி உட்கார்ந்திருக்கிறாள். "என் பிள்ளையின் முதல் நடையை நான் பார்க்க வேண்டும், அதனால் விதியை மாற்றுங்கள்" என்று எப்படிச் சொல்வது? "காப்பகத்தில் நடந்தால் தாய்க்குச் சொல்லமாட்டார்களா?" என்று ஒருத்தி கேட்டால் போதும். இத்தனை வருஷம் இத்தனை பேர் மென்று விழுங்கியது அத்தனையும் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடும். எந்தக் காரணத்துக்காக வந்தாளோ அதை மட்டும் அவள் சொல்ல முடியாது.

"சொல்லும்மா" என்றார் அதிகாரி.

"சார்," என்றாள் ரேடியோ, "இருபது பிள்ளைங்களைப் பாத்துக்க என்னை நம்பறீங்க. இருபத்தோராவதுல மட்டும் என்ன சந்தேகம்? ரொட்டி சுடுறவன் அவன் சுட்ட ரொட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறான். பஸ் ஓட்டுறவங்க பொண்டாட்டி அதே பஸ்ல வரக் கூடாதுன்னு விதி இருக்கா? பாரபட்சம்னு சொல்றீங்க. சரி, என் அறையில வேணாம். பக்கத்து அறையில விடுங்க. நடுவுல சுவரு இருக்கட்டும். ரெண்டு தெரு எதுக்கு சார்?"

கூட்டத்தில் சிரிப்பு. கண்டக்டர் அம்மா, "அதானே!" என்று கை தட்டினாள். பக்கத்தில் இருந்த கல்லுளிமங்கி எழுந்து நின்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். "எனக்கும் அதேதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் வாழ்க்கையில் அதுதான் நீளமான சொற்பொழிவு என்று ரேடியோ பின்னால் ஊர் முழுக்கச் சொன்னாள்.

அதிகாரிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. "வேற அறைன்னா பிரச்சினை இல்லைதான். பரிசீலிக்கிறோம்."

"நீங்க பரிசீலிச்சு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும் சார்!"

விதியை மாற்றச் சம்மதித்துவிட்டார்கள், ஆணைதான் வர வேண்டும் என்று மேற்பார்வையாளர் அம்மா பிறகு சொன்னார். அரசாங்கத்தில் சம்மதம் தவழும். ஆணை எழுந்து நடக்க நாளாகும். அதற்குள் பிள்ளை எழுந்து நடந்துவிட்டால்? இப்படியாக ரேடியோவின் வீட்டில் அரசாங்கத்துக்கும் ஒரு வயதுகூட ஆகாத பெண்ணுக்கும் ஓட்டப் பந்தயம் தொடங்கியது. ரேடியோ அரசாங்கத்தின் பக்கம்.

வீட்டில் பெண்ணைத் தரையில் இறக்குவதில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள். பெண் கட்டில் காலைப் பிடித்து எழுந்தால், "உக்காரு கண்ணு, என்ன அவசரம்?" என்று உட்காரவைத்தாள்.

புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "பிள்ளை நடக்கணும்னு தவம் கிடக்கிறவங்களைப் பாத்திருக்கேன். நடக்கக் கூடாதுன்னு தவம் கிடக்கிறவளை இப்பத்தான் பாக்கிறேன்."

"உங்களுக்கு என்ன? நீங்க எழுந்திருக்கும்போது அவ காலேஜுக்குக் கிளம்பிக்கிட்டு இருப்பா."

"அந்தக் கல்லுளிமங்கிகிட்டேயே கேட்டுட வேண்டியதுதானே? நடந்தாளா இல்லையான்னு."

"கேட்டா மட்டும்? நானே யாருக்கும் சொன்னதில்ல. அவ சொல்லுவாளா?"

ஆனால் தினமும் சாயங்காலம் சலவைக் கடை முக்கில் பெண்ணை வாங்கியதும் ரேடியோவின் கண் முட்டிக்குத்தான் போகும். முட்டி அழுக்கு. இன்றைக்கும் தவழ்ந்திருக்கிறாள். அப்பாடா! அழுக்கைப் பார்த்து இப்படி மகிழ்ந்த தாயை அந்தத் தெரு கண்டதில்லை. கல்லுளிமங்கியின் முகத்தையும் ஆராய்ந்து பார்ப்பாள். அந்த முகத்தில் எதைப் படிப்பது? எப்போதும் போலச் சாத்தின கதவு.

கடைசியில் ஆணை வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து காப்பகப் பணியாளர்கள் தங்கள் பிள்ளைகளை அதே காப்பகத்தில் வேறு அறையில் விடலாம். மேற்பார்வையாளர் அம்மா படித்துச் சொன்னதும் ரேடியோ அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள். விதியில் அதற்குத் தடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அன்று ஆலைக்கு விடுமுறை, புருஷன் அதிசயமாகப் பகலில் விழித்திருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ துணி மடித்துக்கொண்டிருந்தாள். இனி என்ன பயம், பந்தயத்தில் ஜெயித்தாயிற்று என்று பெண்ணைத் தரையில் விட்டிருந்தாள். பெண் கட்டில் காலைப் பிடித்து எழுந்தாள். அம்மாவைப் பார்த்தாள். கையை விட்டாள்.

நடந்தாள்! கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும், வழியில் கிடந்த அப்பாவின் செருப்பைச் சுற்றிக்கொண்டு, தடுமாறாமல் வந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க! பாத்தீங்களா? ஏங்க! நடந்துட்டா!" ரேடியோ போட்ட கூச்சலில் மாடியிலிருந்தும் கீழேயிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். பெண்ணைத் தூக்கிக் கொஞ்சினாள், அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். "என் பொண்ணு கெட்டிக்காரி. ஊர்ப் பிள்ளைங்க ரெண்டு அடி வச்சுட்டுப் பொத்துனு உக்காரும். இவ முழு அறையையும் நடந்துட்டா! செருப்பைக்கூட மிதிக்கல!" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். புருஷனுக்கும் கண் கலங்கிவிட்டது. "பகல்ல முழிச்சிருந்தா இதெல்லாம் பாக்கலாம் போல" என்றான்.

திங்கட்கிழமை காலை, பிள்ளைகளை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை இல்லாவிட்டாலும், இருவரும் சலவைக் கடை முக்குக்கு வந்தார்கள். ஒருத்தி பிள்ளையின் மாற்றுத் துணியும் பால் கிண்ணமும் இன்னொருத்தியிடம் இருந்தன. பைகளைக் கைமாற்ற வேண்டும். ரேடியோ தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"ஏய்! நேத்து நடந்துட்டா!"

"அப்படியாக்கா!" கல்லுளிமங்கி கண்ணை அகல விரித்தாள். "எப்போ? மத்தியானமா? எங்கேயிருந்து எங்கே நடந்தா? விழலையா? அழலையா? எனக்கு அப்பவே தெரியும்க்கா, இந்த வாரம் நடந்துடுவான்னு நினைச்சேன். நிக்கிறதெல்லாம் நல்லா நின்னா. கால் நல்ல பலம். நீங்க குடுக்கிற சாப்பாடு அப்படி. வீட்ல எல்லாரும் இருந்தீங்களா? ரொம்பச் சந்தோஷம்க்கா, ரொம்பச் சந்தோஷம்."

ரேடியோ அப்படியே நின்றாள். இத்தனை மாதத்தில் இந்த வாயிலிருந்து இத்தனை சொல் உதிர்ந்ததே இல்லை. இது என்ன, மடை திறந்த மாதிரி?

அப்போதுதான் உறைத்தது. நேற்றுப் பெண் நடந்தபோது கை எங்கே இருந்தது? கீழே இருந்தது. தொங்கவிட்டுக்கொண்டு, கடைக்குப் போகிற பெரிய மனுஷி போல வந்தாள். முதல் தடவை நடக்கிற எந்தப் பிள்ளை கையைத் தொங்கவிட்டிருக்கிறது? எந்தப் பிள்ளை செருப்பைச் சுற்றி வந்திருக்கிறது? ஊரார் பிள்ளை என்றால் இரண்டாவது அடியிலேயே கண்டுபிடித்திருப்பாள். தன் பிள்ளை என்றதும் கண் அவிந்துபோயிற்று.

இன்னொன்றும் உறைத்தது. கல்லுளிமங்கியின் பையன் நடந்த அன்றைக்கு, இதே முக்கில், ஓயாத வாய்க்காரி தான் ஊமை போல நின்றது. இவள் உற்றுப் பார்த்தது.

"உன் பையன் நடந்தப்ப..." என்று ரேடியோ தொடங்கினாள்.

"நீங்க வாயே திறக்கல" என்றாள் கல்லுளிமங்கி. பழைய குரல் திரும்பிவிட்டது.

"அப்பவே தெரிஞ்சுடுச்சா?"

"ம்."

"அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, முகமெல்லாம் பூவா வந்து சொன்னியே?"

"வீட்ல நடந்தான். நான் பாத்தேன். சந்தோஷமா இருந்துச்சு."

சலவைக் கடைக்காரர் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாத்திவைத்துக்கொண்டிருந்தார். ரேடியோவின் இடுப்பில் பெண், கல்லுளிமங்கியின் இடுப்பில் பையன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எச்சில் ஒழுகச் சிரித்தன. ரேடியோ பெண்ணை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். கோபப்பட முடியவில்லை. எந்த வாயால் கோபப்படுவது?

"அப்ப அந்த முட்டி அழுக்கு?" என்றாள்.

கல்லுளிமங்கி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க தினமும் அதைத்தானே பாத்தீங்க. சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி வாசல்ல கொஞ்ச நேரம் தவழ விடுவேன். தவழமாட்டேன்னு அடம் பிடிச்சா, நானே தேய்ச்சு விடுவேன்."

"அடிப்பாவி!"

ரேடியோவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. பெண்ணின் முட்டியை முந்தானையால் துடைத்தாள். இன்றைக்கு அதில் அழுக்கே இல்லை.

என்றைக்கு நடந்தாள் என்று கேட்கலாம். கேட்டால் சொல்லமாட்டாள். அழுத்திக் கேட்டால் சொல்லிவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது. இவள் ஒரு வார்த்தை கேட்டாளா, தன் பையன் எப்படி நடந்தான் என்று? இத்தனை மாதம் அதே முக்கில் பையனை நீட்டினாள், வாங்கினாள், கேட்கவே இல்லை.

கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது. ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"கை தட்டினீங்களா?"

"தட்டினோம்க்கா. எல்லாப் பிள்ளைங்களையும் சுத்தி உக்கார வச்சோம்." பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "நான்தான் ரொம்ப நேரம் தட்டினேன்" என்றாள் கல்லுளிமங்கி.

ரேடியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை பவுடரும் புளித்த பாலுமாக வாசனை அடித்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது. பைகளை மாற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். மேட்டுத் தெரு முனை வரைக்கும் எதிரே வந்த ஒருவரிடமும் ரேடியோ எதுவும் பேசவில்லை.